பெட்டி கேஷ்

எங்கள் நைனாவுக்கு வேலூர் மண்டித் தெருவில் அரிசி, பருப்புக் கடை இருந்தது. பெரிய மண்டி என்று சொல்ல முடியாது. முன்னால் எட்டு மூட்டை, பின்னால் இருட்டில் முப்பது நாற்பது மூட்டை, நடுவில் ஒரு தராசு, அதை ஒட்டி ஒரு மேடை. மேடையில் கோரைப்பாய் விரித்து அதன்மேல் கல்லாப்பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே நைனா முப்பத்தோரு வருஷம் ஓட்டினார்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். தேக்கு. மூடி முன்பக்கம் சரிவாக இருக்கும், அதன்மேல் வைத்துத்தான் ரசீது எழுதுவார். மூடியின் நடுவில் ஒரு நீளக் கீறல். கூட்ட நேரத்தில் திறக்காமலே அதன் வழியாகக் காசைப் போட்டுவிடலாம். திறந்தால் மேல்தட்டு. மரத்திலேயே கிண்ணம் கிண்ணமாகக் குடைந்த ஆறு குழிகள், ஆளுக்கொரு சில்லறைக்கு. விரல் பட்டுப் பட்டுக் குழிகளின் அடி கறுத்து வழுவழுவென்று ஆகியிருக்கும். தட்டைத் தூக்கினால் கீழே நோட்டு. நோட்டுக்கும் கீழே ஒரு பொய்ப்பலகை. அதற்கடியில் நைனா என்ன வைத்திருந்தார் என்பது அம்மாவுக்கே தெரியாது. மூடியைச் சாத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மூட்டை இறக்குகிறவர்கள் போடும் கூச்சலுக்கு நடுவிலும் அந்த டொக் எனக்குத் தனியாகக் கேட்கும்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ், அப்புறம் உருது, அப்புறம் சித்தூர் பக்கத்துத் தெலுங்கு. இதோடு வங்காளிகள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரிக்கு இன்று கல்கத்தாவிலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வருகிறார்கள் இல்லையா, அவர்கள் லாட்ஜில் தங்கி ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். அரை கிலோ அரிசி, கால் கிலோ மசூர் பருப்பு வாங்க எங்கள் கடைக்கு வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நைனாவுக்கு வங்காளி தெரியாது. விரலைக் காட்டி எடை சொல்லி, தலையை ஆட்டி விலை பேசி, கடைசியில் இரண்டு பக்கமும் சிரமம் இல்லாமல் புரிந்துகொள்ளும் சொல் ஒன்றே ஒன்றுதான்: கேஷ்.

அந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்குத் தெரியும் என்று நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது எங்கள் தமிழய்யா வெண்பா நடத்தினார். கடைசிச் சீர் எப்படி முடிய வேண்டும் என்பதற்கு நாலு வாய்பாடு உண்டு: நாள், மலர், காசு, பிறப்பு. தமிழ் படித்த எவருக்கும் மறக்காத வரிசை அது. 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற குறளைப் பலகையில் எழுதி, கடைசியில் நிற்கும் 'தற்று' என்ன வாய்பாடு என்று கேட்டார். "காசு" என்று கத்தினோம். அய்யாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரன் கேஷ் கேஷ்னு சொல்றானே, அது எங்கருந்து போச்சு தெரியுமா? இந்தக் காசுதான் அங்க போய் கேஷ் ஆச்சு!" வகுப்பே கை தட்டியது.

அன்று தட்டிய கையை நான் முப்பது வருஷம் நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில், ரயிலில், ஆபீஸில், யாராவது 'கேஷ்' என்று சொல்ல வேண்டியதுதான் தாமதம், ஆரம்பித்துவிடுவேன். நைனாவிடம் மட்டும் எடுபடவில்லை. "இன்னாவா வேணா இருந்துட்டுப் போவட்டும்டா. கடன் சொல்லாம குட்த்தா சரி" என்பார்.

என் பெண் கல்லூரிக்குப் போன முதல் வருஷம், அவளிடமும் ஒருநாள் இதை எடுத்துவிட்டேன். அவள் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ப்பா, கேஷ்னா பெட்டிப்பா."

"என்ன பெட்டி?"

"பணப்பெட்டி. லத்தீன். காசும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் முறைத்துக்கொண்டே திரிந்தேன். பிறகு நூலகத்துக்குப் போய், தலையணை கனத்துக்கு இருந்த ஒரு ஆங்கில அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். அவளைத் தப்பு என்று காட்டத்தான் போனேன், உண்மையைச் சொல்ல வேண்டும்.

தப்பில்லை. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. ரோமாபுரியில் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைக்கும் உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். அது இத்தாலியனில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கேஸ்' என்று திரிந்தது. பணம் வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர். 1590களில் அது ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று நுழைகிறது. ஆரம்பத்தில் ஆங்கிலத்திலும் கேஷ் என்றால் பெட்டியே. கேஷுக்குள் பணத்தைப் போடுவார்கள். கொஞ்ச நாளில் உள்ளே கிடக்கும் பணத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பெட்டி என்ற பொருள் உதிர்ந்து, பணம் மட்டும் நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் இன்றைக்கும் கடையில் பணம் கட்டும் இடத்தைப் பெட்டி என்ற அர்த்தமுள்ள இதே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

காப்ஸாவின் பிள்ளைகுட்டிகள் நமக்கு நன்றாகப் பழகியவர்கள். கண்ணாடி வைக்கும் கேஸ் அதிலிருந்து வந்தது. கேசட் என்றால் குட்டிப் பெட்டி. எங்கள் கடையில் அரிசித் தூசி படிந்த டேப் ரிக்கார்டரும் இருபது இருபத்தைந்து கேசட்டும் இருந்தன. அவற்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டியின் பிள்ளைகளை அடுக்குகிறோம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும். தெருவில் சரக்கு இறக்க வந்து நிற்கும் லாரியின் சேஸிஸ், அதுவும் பிரெஞ்சு வழியாக வந்த அதே வம்சம். கேப்சூல் இன்னும் சின்னது: பெட்டிக்குட்டி.

சரி, பெட்டி எப்படிப் பணமாக மாறும் என்று யாராவது கேட்டால் அகராதியை எல்லாம் புரட்ட வேண்டாம். மண்டித் தெருவுக்கு வந்தால் போதும். "கல்லா எவ்ளோடா ஆச்சு?" என்று நைனா ராத்திரி கேட்பார். பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்? ஒரு படம் நன்றாக ஓடினால் 'கல்லா கட்டியது' என்று பத்திரிகையில் போடுகிறார்கள். அங்கேயும் யாரும் பெட்டியைக் கட்டவில்லை. அந்தக் கல்லாவும் வெளியூர்ச் சொல்தான். இந்தி, உருதுவில் 'கல்லா' என்றால் முதலில் தானியம். தானியம் விற்ற பணத்தைப் போட்டுவைக்கும் பெட்டிக்கும் அதே பெயர் வந்தது. நம்மிடம் வந்து சேர்ந்தபோது தானியத்தை வழியிலேயே இறக்கிவிட்டு, பெட்டியோடு மட்டும் வந்தது. தானியம் பெட்டியானது, பெட்டி பணமானது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கல்லாப்பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த மனுஷனின் பிள்ளைக்கு இது நாற்பத்தெட்டு வயதில் தெரிய வருகிறது.

இதில் ஒரு கூத்து. நான் வேலை செய்யும் ஆபீஸில் தபால் தலை, டீ, ஆட்டோ என்று சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை உண்டு. அதன் பெயர் 'பெட்டி கேஷ்'. அந்தப் 'பெட்டி' பிரெஞ்சின் 'பெட்டீ'யிலிருந்து வந்தது, சின்னது என்று அர்த்தம். ஆனால் எங்கள் ஆபீஸில் யாருக்கு அது தெரியும்? எங்களுக்குப் பெட்டி என்றால் பெட்டி. பச்சைத் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் இருக்கும் பணம் பெட்டி கேஷ். பூர்வீகப்படி பார்த்தால் பெட்டிப் பெட்டி. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், அந்தத் தகரப் பெட்டியைப் பூட்டி மேசைக்குள் வைத்ததும், "சார், இப்ப இது மேசை கேஷா?" என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தமிழய்யா தோற்றுவிட்டார் என்று அகராதியை மூடப்போனேன். அப்போதுதான் கவனித்தேன், 'கேஷ்' அதே பக்கத்தில் இன்னொரு முறை இருந்தது. தலையில் குட்டியாக 2 என்ற எண். எழுத்து அதே எழுத்து, உச்சரிப்பு அதே உச்சரிப்பு, ஆனால் சொல் வேறு. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செம்பு நாணயம் என்று போட்டிருந்தது. மூலம்: போர்த்துக்கீசியம் வழியாக, தமிழ், காசு.

நூலகத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

காசு என்ற நம் சொல்லைப் போர்த்துக்கீசியர்கள் கடற்கரையில் கேட்டார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் இருந்தது. அர்த்தம்? பெட்டி! லத்தீன் காப்ஸாவின் போர்த்துக்கீசியப் பிள்ளை. காதில் விழுந்த காசுக்குத் தங்களுக்குத் தெரிந்த காய்ஷாவின் உருவத்தைக் கொடுத்தார்கள். அதை ஆங்கிலேயர்கள் 'கேஷ்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் போர்த்துக்கீசியர் வாயில் ஒன்றை ஒன்று உரசி, ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆங்கிலத்துக்குள் போய் ஒரே எழுத்தில் உட்கார்ந்துகொண்டன. தமிழய்யா சொன்னதும் இருக்கிறது, என் பெண் சொன்னதும் இருக்கிறது. ஏடிஎம்மிலிருந்து எடுப்பது அவளுடைய கேஷ். தமிழய்யாவின் கேஷை எடுக்க வேண்டும் என்றால் 1818க்கு முன்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். கணக்குப் போட்டால் ரூபாய்க்கு 12 பணம், 960 காசு. காசை 'கேஷ்' என்றும், பணத்தை 'ஃபனம்' என்றும், வராகனைப் 'பகோடா' என்றும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனி ஆட்களிடம் லட்சக்கணக்கான பகோடா கடன் பட்டிருந்தார் என்று நான் முதன்முதலில் படித்தபோது, தட்டுத் தட்டாக வெங்காயப் பக்கோடாதான் கண்ணில் வந்தது. அந்தக் கடன் விவகாரம் லண்டன் வரை போய், 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நீளமாகப் பேசித் தீர்த்திருக்கிறார். நவாப் பெயரில்தான் நம் வாலாஜாப்பேட்டை.

வேலூர்க் கோட்டைக்குள் திப்புவின் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்ததும், 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்ததும் இந்தக் காசு, பணம், வராகன் காலத்தில்தான். கோட்டை வாசலில் வேர்க்கடலை வாங்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு இதே இடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வாழைப்பழம் வாங்கி 'கேஷ்' என்று கொடுத்திருந்தால், விற்றவள் 'காசு' என்று வாங்கியிருந்தால், இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நாணயம் ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். காட்பாடியில் பழைய நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நம் ஐந்து ரூபாயைவிட அகலம், நல்ல கனம். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், இரண்டு புறமும் சிங்கம், கீழே 1808. திருப்பினால் பாரசீக எழுத்தில் மூன்று வரி. அதற்கடியில் ரோமானிய எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் சி, ஏ, எஸ், எச். இருபது கேஷ். பாரசீக வரியை நண்பர் படித்துக் காட்டினார். அதில் 'காஸ்' என்றுதான் இருக்கிறதாம். தமிழ்ச் சொல், பாரசீக எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை. தமிழ் எழுத்தில் மட்டும் இல்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம்தான். நண்பர், "செம்புக்கு இன்னா மொழி சார்" என்று வாங்கி உறைக்குள் போட்டுவிட்டார்.

இந்தக் காசுகளை அச்சடித்தது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் பக்கத்துச் சோஹோ நாணயச் சாலையில். நீராவி இயந்திரத்தில் அடித்து, பீப்பாயில் அடைத்து, கப்பலில் சென்னைக்கு அனுப்புவார்கள். அப்படி 1808ஆம் வருஷத்துப் பத்துக் காசு, இருபது காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் மாட்டி, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் இறங்கி லட்சக்கணக்கில் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். அதனால்தான் இன்றும் அந்த நாணயம் அவ்வளவு அரிது இல்லை. நண்பரிடம் இருப்பதும் அந்தக் கப்பலில் வந்ததாக இருக்கலாம் என்றார். நம் ஊர்ச் சந்தையில் முருங்கைக்காய் வாங்க அடித்த காசு, நம் ஊரைப் பார்க்காமலே நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்திருக்கிறது.

கப்பலில் போகாமல் தப்பித்த சொல் இன்னும் தூரம் போய்விட்டது. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செம்பு நாணயங்கள் இருந்தன, நூலில் கோத்து வைப்பார்கள். சீனர்கள் அதற்குத் தங்கள் மொழியில் வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அதற்குப் பெயர் 'சீனக் கேஷ்'. சீனத்து நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்! எங்கள் பாட்டியின் சுருக்குப்பையில் ஒரு ஓட்டைக் காலணா இருந்தது, இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1943 முதல் அடித்தது. அதை நான் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிந்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. சீனர்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

கோத்து வைக்கும் பழக்கம் சொல்லோடவே ஒட்டிக்கொண்டு வந்தது போலிருக்கிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை பாடிய ஒரு பாட்டில், கிளி ஒன்று வளைந்த மூக்கில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகக் கூர்நகத்தில் பிடித்த பொன் நகையின் ஒற்றைக் காசு மாதிரி. வேப்பம்பழம் உருண்டை, ஆகவே அந்தக் காசு தட்டை நாணயமாக இல்லாமல் மணியாக இருக்கலாம். சங்கத்தில் காசு என்றால் மணி, பொன்மணி என்றெல்லாம் பொருள் உண்டு. பின்னால் சோழர் கல்வெட்டுகளில் காசு நாணயமாக, ஈழக்காசு, பழங்காசு என்று வருகிறது. லாங்கு பஜார் நகைக்கடையில் இன்று தொங்கும் காசுமாலையில் இரண்டுமே இருக்கின்றன. சமஸ்கிருதத்தில் 'கர்ஷம்' என்ற எடைப் பெயரோடு காசைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு சண்டையில் அடி வாங்கியது போதும்.

1818இல் சென்னை மாகாணம் வராகனை விட்டுவிட்டு ரூபாய்க்கு மாறியது. அத்தோடு ஆங்கிலத்தின் இரண்டாவது கேஷ் கணக்குப் புத்தகத்திலிருந்து இறங்கி அகராதிக்குள் போய்விட்டது. நம்மூரில் காசு போகவில்லை. அணா வந்தபோதும் காசு, 1957இல் நயா பைசா வந்தபோதும் காசு. பத்துப் பைசாவை நாங்கள் 'பத்து காசு' என்றுதான் சொன்னோம். சோஹோவில் அடித்துக் கடலில் போட்ட நாணயத்தின் பெயரும் அதேதான்.

அகராதியில் கொஞ்சம் கீழே வந்தால் 'கேஷியர்'. அதிலும் இரண்டு. ஒன்று நமக்குத் தெரிந்தவர், பெட்டியிடம் உட்கார்ந்திருப்பவர். இன்னொன்று வினைச்சொல். பட்டாளத்திலிருந்து ஒரு அதிகாரியை அவமானப்படுத்தித் துரத்துவதற்கு ஆங்கிலத்தில் கேஷியர் செய்வது என்று பெயர். பெட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நெதர்லாந்தில் சண்டைக்குப் போன ஆங்கிலப் படையினர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்களிடம் பிடித்துக்கொண்டு வந்த சொல். உடைப்பது, செல்லாது என்று ஆக்குவது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வேரிலிருந்து டச்சுக்குப் போனது.

எங்கள் மாமாவுக்கு இந்த இரண்டும் நடந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கேஷியர். சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுவார். தோல் ஊறும் தொட்டி வாடை அடிக்கும் சட்டையோடு வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். மாமா வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, மேசையில் ஈர ஸ்பாஞ்சு வைத்த கிண்ணம். நோட்டை எண்ணும்போது உதடு அசையாது. அது ஒரு பெருமை அவருக்கு. 1987இல் ஒரு சனிக்கிழமை 1,400 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணினார். திங்கட்கிழமை அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே பேசி அனுப்பிவிட்டார்கள். போலீசுக்கெல்லாம் போகவில்லை, அதையே பெரிய உபகாரமாகச் சொன்னார்களாம். பேனா இரண்டையும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

நாலு மாசம் கழித்து மேசையின் டிராயர் இழுக்க வரவில்லை என்று ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிராயருக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு கட்டு சொருகிக்கொண்டு கிடந்தது. ரப்பர் பேண்டு போட்டது போட்டபடி, பதினாலு நூறு ரூபாய் நோட்டு. ஆள் அனுப்பினார்கள். மாமா போகவில்லை. அதற்குள் எங்கள் கடைக்கு வந்து தராசுப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்திருந்தார். செய்தி வந்த அன்று நைனா எதுவும் பேசவில்லை. எழுந்து பாயிலிருந்து நகர்ந்து, "நீ குந்து" என்று கல்லாவைக் காட்டினார். மாமா முதலில் பெட்டியைக் காலி செய்தார். தட்டைத் தூக்கினார், நோட்டை எடுத்தார், பொய்ப்பலகையையும் கழற்றி, சந்து சந்தாக விரலை விட்டுப் பார்த்தார். "இன்னாடா பாக்கற?" என்றார் நைனா. "ஒண்ணுமில்ல மாமா. எங்கனா சந்து கீதான்னு." நைனா எவருக்கும் காட்டாத பொய்ப்பலகையை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். அதற்கடியில் அம்மாவின் அடகு ரசீது இரண்டும், திருத்தணி விபூதிப் பொட்டலம் ஒன்றும் இருந்தன.

இன்னொரு கேஷும் இருக்கிறது, இது சமீபத்து விருந்தாளி. போன் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால் என் பெண், "கேஷ் கிளியர் பண்ணுங்கப்பா" என்கிறாள். முதல் தடவை கேட்டபோது, ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறேன் என்றேன். இது பிரெஞ்சில் ஒளித்து வைப்பது என்ற வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் தோலுக்காக வேட்டைக்குப் போனவர்கள் சாப்பாட்டை மண்ணில் புதைத்து வைத்த ஒளிவிடத்துக்கு இந்தப் பெயர். 1968 வாக்கில் ஐபிஎம்காரர்கள் கணினிக்குள் மறைவாக வேலை செய்யும் சின்ன நினைவகத்துக்கு அதை வைத்தார்கள். தமிழில் எழுதினால் இதுவும் அதுவும் ஒன்றுதான், கேஷ். நைனாவின் பொய்ப்பலகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

நைனா போன பிறகு கடையைக் கொடுத்துவிட்டோம். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். கல்லா இருந்த மேடையை இடித்து, கண்ணாடி மேசை போட்டு, அதன்மேல் கியூஆர் அட்டையை நிற்க வைத்திருக்கிறார்கள். ஒரு சார்ஜர் வாங்கப் போனேன். ரொக்கமாக நீட்டினேன். "சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணுங்க" என்றான் பையன். பணத்தைப் போட்டு வைக்க அவனிடம் பெட்டியே இல்லை, சட்டைப் பைதான்.

பெட்டியை நாங்கள் கொடுக்கவில்லை. மச்சுப்படிக்குக் கீழே கொஞ்ச நாள் கிடந்தது. ஒருநாள் அம்மாவே அதைத் துடைத்து, வேப்பெண்ணெய் போட்டுத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது எண்பத்தொன்று. கண் பார்வை பாதிதான், விரலால் தடவித்தான் எடுப்பாள். முதல் குழியில் சர்க்கரைக்கு, இரண்டாவதில் பிரஷருக்கு, மூன்றாவதில் கால்வலிக்கு. நாலு அணா, எட்டணா கிடந்த குழிகள் அவை. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"டேய், கல்லாவத் தொறந்து அந்த செவப்பு கேப்சூல் ஒண்ணு எட்துக் குடு."

எடுத்துக் கொடுத்துவிட்டு மூடியைச் சாத்துகிறேன். டொக்.